உடல் நமதென்றால் விடையும் நமதே!

உயிர் பிரிந்த உடல் யாருக்கு உரியது? இந்தக் கேள்வியை இலங்கை முஸ்லிம் மக்கள் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுடலையின் வேலியோரத்தில் நின்று, கண்ணீர் வடித்துத் தெரிந்துகொண்டார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், கொரோனா நோயால் இறந்தவர் எந்த மதத்தினராயினும் அவர் உடல் எரிக்கப்படவே வேண்டும் என்று சுகாதார அமைச்சு தன் வழிகாட்டலை மாற்றிற்று. ஏப்ரல் 11ஆம் நாள் அது வர்த்தமானியில் ஏறிற்று. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் தகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. கேட்டார்களா? நீதி நாடி உயர் நீதிமன்றத்தின் படியேறியவர்களின் மனுக்கள் 2020 டிசெம்பர் 1ஆம் நாள் முழு விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளப்பட்டன. அதே மாதம், பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பிலே எரிக்கப்பட்டது. பொரளைச் சுடலையின் வேலிக்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபனிட முடியாத கைகள் கம்பிக்குக் கபனிட்டன! 2021 பெப்ரவரி 25ஆம் நாள் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆம் நாள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் கபுறு தோண்டப்பட்டது. அதற்குள் இருநூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் சாம்பலாகிவிட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. சாம்பலிடம் மன்னிப்புக் கேட்டு ஆவதென்ன?

அந்த நாட்களில் நாம் முன்வைத்த வாதம் என்ன? நீதிமன்றத்திலும், சந்தியிலும், பள்ளிவாசல் முற்றத்திலும் ஒரே வாதத்தையே முன்வைத்தோம். இறந்தவர் உடலைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது, ஆட்சிக்கு உரியதன்று. அந்த வாதம் அன்றும் சரி, இன்றும் சரி. அதில் ஓர் எழுத்தையும் மாற்ற நாம் ஆயத்தமில்லை.

ஆனால் வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். உரிமை நமதென்றால் பொறுப்பும் நமது. வைத்தியசாலைக் கூடத்தில் டாக்டர் வந்து, 'உங்கள் பிள்ளையின் சிறுநீரகங்களைக் கொடுக்கச் சம்மதிப்பீர்களா?' என்று கேட்கும்போது, சிந்தித்து விடை சொல்லும் கடமையும் நமதே. அந்தக் கடமையை நம் கரையோர ஊர்கள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில், மருதமுனையில், நிந்தவூரில், அக்கரைப்பற்றில் இதுபற்றி உரக்கப் பேசுவார் அரியர். பேசாப் பொருளைப் பேசவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கூடத்தில் நிற்கும் குடும்பம்

அக்கரைப்பற்று நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞன் ஒருவன் தலையில் அடிபட்டு விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொண்டோடுகிறார்கள். சுவாசக் கருவி அவன் நெஞ்சை ஏற்றி இறக்குகிறது. இதயம் அடிக்கிறது. உடம்பில் சூடு இருக்கிறது. மூளையோ முழுவதும் செத்துவிட்டது. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வருகிறார். இறந்துவிட்டான் என்கிறார். அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

கேள்வி யாரிடம் போய்ச் சேருகிறது? மனைவியிடமா? அவள் மூலையில் முக்காட்டுக்குள் முகம் புதைத்திருக்கிறாள். அவளை யாரும் கேட்பதில்லை. மாமா ஊரிலுள்ள மரைக்காயரைத் தொலைபேசியில் அழைக்கிறார். கத்தாரிலுள்ள காக்கா, 'ஒண்டுக்கும் ஒப்பம் வெச்சிராதீங்க' என்கிறார். கூட வந்தவர்களில் ஒருவர், 'கிட்னி எடுக்கத்தான் மெசின்ல போட்டு வெச்சிருக்கானுகள்' என்று காதோடு சொல்கிறார். அரை மணி நேரத்தில் விடை ஆயத்தமாகிவிடுகிறது. 'எங்கட மார்க்கத்தில இதுக்கு இடமில்ல.'

மார்க்கமா அங்கே பேசிற்று? இல்லை. அச்சம் பேசிற்று. அவநம்பிக்கை பேசிற்று. இறந்தவனின் விருப்பம் என்னவென்று ஒருவருக்கும் தெரியாத அறியாமை பேசிற்று. மூன்றும் மார்க்கத்தின் சால்வையைப் போர்த்துக்கொண்டு வந்தன. நமது வழக்கு மறுப்போர்மேல் அன்று. மறுப்புக்குப் பொய்ப் பெயரிடுவதன் மேலேயே.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நாம் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் தீர்ப்பு வழங்கும் தகுதியுடையோர் கூடிப் பேசினார்கள் என்பதை எடுத்துரைக்க எமக்குத் தடையில்லை.

இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்த சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் பேரவை 1988 பெப்ரவரியில் ஜித்தாவிலே கூடி, நிபந்தனைகளோடு உறுப்புக் கொடையை அனுமதித்தது. விற்பனை கூடாது, கொடுத்தவர் உயிருள்ளபோது இசைந்திருக்க வேண்டும், அல்லது அவர் இறந்தபின் உரித்தாளர் இசைய வேண்டும் என்பன அந்நிபந்தனைகளில் முதன்மையானவை. அதே பேரவை 1986இல் அம்மானிலே கூடியபோது, மூளையின் செயலெல்லாம் மீளாவகையில் நின்றுவிட்டதென மருத்துவர் உறுதி செய்தால் அதுவும் மரணமே என்று ஏற்றது.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். 1987இல் மக்காவிலே கூடிய மற்றொரு பிக்ஹ் பேரவை, மூளை செத்தவரிடமிருந்து கருவியை அகற்றலாம் என்றது. இதயம் நிற்கும்வரை மரணம் என்று தீர்க்க இசையவில்லை. இந்தியாவின் பிக்ஹ் அக்கடமி 1989இல், உயிரோடிருப்பவர் தேவை கருதிச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்றது. இறந்தபின் எடுக்குமாறு சொல்லிவைப்பதை ஷரீஅத்தின்படி வஸிய்யத்தாக ஏற்கவில்லை. இறந்தவரின் எலும்பை முறிக்கலாகாது என்னும் நபிமொழியை ஒரு சாராரும், ஓர் உயிரைக் காப்பதன் மாண்பை உரைக்கும் அல்-மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை மறு சாராரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இது கற்றோரிடையே உள்ள கருத்து வேறுபாடு.

கருத்து வேறுபாடுள்ள ஒரு விஷயத்தில், 'மார்க்கத்தில் இடமில்லை' என்று கூடத்தில் நின்று ஒரே சொல்லில் கதவடைக்க மாமாவுக்கும் மச்சானுக்கும் அதிகாரம் தந்தவர் யார்? கற்று, கேட்டு, தெளிந்து, 'எமக்கு இது மனம் கொள்ளவில்லை' என்று ஒருவர் மறுப்பாராயின், அவர் மறுப்பை நாம் தலைவணங்கி ஏற்போம். கேளாமலே மறுப்பவரைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றும் கேட்போம். நம்மூரில் சிறுநீரகம் கெட்டவர் இல்லையா? வாரத்துக்கு இரண்டு மூன்று தரம், தரத்துக்கு நான்கு மணிநேரம், இரத்தம் சுத்திகரிக்கும் கருவியில் உயிரைக் கட்டிவைத்திருப்போர் இல்லையா? அவருக்கு எங்கிருந்தோ ஒரு சிறுநீரகம் கிடைத்தால், 'வேண்டாம், மார்க்கத்தில் இடமில்லை' என்போமா? அல்ஹம்துலில்லாஹ் என்று பெற்றுக்கொள்வோம். வாங்கும்போது ஆகுமானது, கொடுக்கும்போது மட்டும் ஆகாததாவது எந்தக் கிதாபில் உள்ளது?

பள்ளிவாசல் முற்றங்களிலே இரத்ததானம் நடக்கிறது. நம் இளைஞர் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அந்தப் போத்தலில் இனம் எழுதப்படுவதில்லை. இரத்தப் பிரிவு மட்டுமே எழுதப்படுகிறது. இரத்தம் கொடுக்கக் கூசாத கை, ஏன் இங்கே நடுங்குகிறது?

கீறும் கத்தியைப் பற்றி

'மையித்தைக் கீறலாமா?' என்பார்கள். உள்ளத்தைத் தொடும் கேள்வி இது. எனினும் நீதிமன்றத்தில் தொழில் செய்வோர் அறிந்த ஓர் உண்மையுண்டு. விபத்தில் இறந்தவர் உடல் திடீர் மரண விசாரணைக்குப் போகிறது. விசாரணை கோரினால் சட்ட வைத்திய அதிகாரியின் மேசைக்குப் போகிறது. அங்கேயும் கத்தி உண்டு. யாருக்கும் உயிர் கொடாத அந்தக் கீறலைச் சட்டத்தின் கட்டளை என்று பொறுத்துக்கொள்கிறோம். நால்வருக்கு உயிர் கொடுக்கும் கீறலை மட்டும் பொறுக்கமாட்டோமா?

'அடக்கம் தாமதமாகும்' என்பார்கள். இதுவும் நியாயமான கவலைதான். ஆனால் கண்ணின் கதை வேறு. கருவிழியின் மேலுள்ள மெல்லிய படலத்தைப் பெற மூளைச்சாவு வேண்டியதில்லை. இதயம் நின்று சில மணிநேரத்துக்குள் எடுக்கலாம். ஒரு மணிநேரத்துக்குள் வேலை முடியும். முகத்தில் வடுத் தெரியாது. குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளி, கபன் துணி வெட்டி, கபுறு தோண்டி முடிக்கும் நேரத்துக்குள், கண் தெரியாத இருவருக்கு விடிந்துவிடும்.

இந்தக் கண்ணின் விஷயத்தில் இலங்கையின் பெயர் உலகறிந்தது. 1958இல், மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா, செத்த கண்ணுக்கு உயிர் கொடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். 1960இல் தம் தாயார் இறந்தபோது அவர் கண்களையே கொடுத்தார். 1961இல் கண்தான சங்கம் பிறந்தது. 1964இல், ஐஸ் நிரப்பிய வெந்நீர்ப் போத்தலில் முதற் கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. அன்று தொடங்கி ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கைக் கண்கள் போயிருக்கின்றன. அவற்றுள் பெருந்தொகை எங்கே போயிற்று தெரியுமா? பாக்கிஸ்தானுக்கு! இறந்துபோன பௌத்தரின் கண்ணால், பாக்கிஸ்தானின் முஸ்லிம்கள் பல்லாயிரவர் குர்ஆன் ஓதுகிறார்கள். பிள்ளையின் முகம் பார்க்கிறார்கள். கொடுத்தவர், 'யாருக்கு?' என்று கேட்கவில்லை. பெற்றவர், 'யாருடையது?' என்று கேட்கவில்லை.

இந்நாட்டில் 1980களில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்கள் யார்? பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப், பேராசிரியர் ஏ. எச். ஷெரிப்தீன். இருவரும் நம்மவர். மாற்றிப் பொருத்தும் கையில் முன்னின்ற சமுதாயம், கொடுக்கும் கையில் பின்னிற்பது முறையா?

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இனி ஆட்சியாளரிடம் பேசுவோம். கரையோர மக்களின் மறுப்பைக் கண்டு, 'இவர்கள் பிற்போக்காளர்' என்று உதடு பிதுக்குவோர் கொழும்பில் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பிள்ளையின் உடலைப் பறித்து எரித்த கையே, சில ஆண்டுகளின் பின் படிவத்தை நீட்டி, 'உறுப்புத் தாருங்கள்' என்று கேட்கிறது. தயங்காதவன் மனிதனா? அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்களே அதைப் பழிக்கிறார்கள்!

சிங்கப்பூரைப் பாருங்கள். 1987இல் அங்கே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. மறுத்து எழுதிக் கொடாதவர் இசைந்தவராகக் கொள்ளப்படுவர் என்பது அதன் நெறி. ஆயினும் முஸ்லிம்களை அந்நெறியிலிருந்து விலக்கிவைத்தார்கள். உலமாக்களோடு பேசினார்கள், காத்திருந்தார்கள். 2007இல் அந்நாட்டு இஸ்லாமிய மன்றம் ஃபத்வா வழங்கிய பின்னரே, 2008 ஓகஸ்ட் 1 முதல் முஸ்லிம்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுபான்மையின் மனம் கனிய அந்த ஆட்சி 20 ஆண்டு காத்தது. நம் நாட்டின் ஆட்சியோ 20 நாட் குழந்தைக்காகக் காக்கவில்லை! இரண்டு ஆட்சிக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நமது நாட்டிலும் அதே 1987ஆம் ஆண்டிலேதான் 48ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய சட்டம் அது. உயிரோடிருக்கும்போதே ஒருவர் எழுத்தால் இசையலாம். இறந்தபின் உறவினர் இசையலாம். இசைவே அதன் அத்திவாரம். அந்த அத்திவாரத்தை அசைத்து, மௌனமே சம்மதம் என்று இங்கேயும் சட்டம் செய்ய யாரேனும் நினைப்பாராயின், இக்கரை அதை ஒருநாளும் ஏற்காது. 2020இன் பின் எம் மௌனத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையை எந்த அரசாங்கத்துக்கும் நாம் கொடுக்கமாட்டோம்.

மொழியும் உண்டு இதில். கண்டியிலோ கொழும்பிலோ, தமிழன்றி வேறறியாத தாயிடம், அரைகுறைத் தமிழில், ஒரு தாதியை இடைநிறுத்தி, மூளைச்சாவு என்றால் என்னவென்று விளக்கினால் அவளுக்கு விளங்குமா? உணர்விழந்து கிடப்பவன் மீளலாம். மூளை செத்தவன் மீளான். இந்த வேற்றுமையைத் தாய்மொழியில் கேட்டாலே நெஞ்சு ஏற்க மறுக்கும். பிறமொழியில் கேட்டால் அது கொலைச் செய்தியாகவே ஒலிக்கும். விளங்காமல் வைத்த ஒப்பம் சம்மதமன்று. விளங்காமல் சொன்ன மறுப்பும் மறுப்பன்று. தமிழும் ஆட்சி மொழியென்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். எழுதிய ஏடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை வந்து சேர வேண்டாமா?

ஸ்பெயின் நாடு இவ்விஷயத்தில் உலகுக்கு வழிகாட்டி நிற்கிறது. பத்து இலட்சம் மக்களுக்கு ஆண்டொன்றில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின் கொடுக்கிறார்கள். சட்டத்தின் வலிமையாலா? இல்லை. 1979இலேயே சட்டம் இருந்தும் கொடை பெருகவில்லை. 1989இல் தேசிய அமைப்பொன்றை நிறுவி, வைத்தியசாலைதோறும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசப் பயின்றவர்களை வைத்த பின்னரே பெருகிற்று. சட்டம் அனுமதித்தாலும் குடும்பத்தைக் கேளாமல் அங்கே கைவைப்பதில்லை.

வதந்தி என்னும் வியாதி

மக்கள் பக்கம் திரும்புவோம். 'கிட்னி எடுக்கவே கொல்கிறார்கள்' என்னும் பேச்சுக்கு வேர் இல்லையென்று சொல்லமாட்டோம். 2016இல், இந்திய ஏழைகளைக் கொழும்புக்கு அழைத்துச் சிறுநீரகம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையை அரசாங்கம் இடைநிறுத்தியது. 2022இன் இறுதியில், பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்து ஏமாற்றினார்கள் என்று கொழும்பின் வறிய மக்களே முறையிட்டார்கள். உண்மைதான். ஆனால் ஊன்றிப் பாருங்கள். அங்கே விலைபோனது இறந்தவரின் உறுப்பன்று. உயிரோடிருக்கும் ஏழையின் உறுப்பு. இறந்தோர் கொடை குறையக் குறைய, உயிருள்ள ஏழையின் விலாவுக்கே விலை ஏறும். மண்ணுக்குள் நாம் புதைக்கும் ஒவ்வொரு சிறுநீரகமும் தரகனுக்கு ஓர் ஆதாயம். தரகனுக்கு அஞ்சி மறுக்கிறோம். மறுத்துத் தரகனை வளர்க்கிறோம்!

தவிரவும், மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர் வேறு, உறுப்பை மாற்றிப் பொருத்தும் மருத்துவர் வேறு என்பதே உலகெங்கும் உள்ள நெறி. அந்நெறி காக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஆனால் கேட்பது வேறு, கதை கட்டுவது வேறு.

வதந்தி என்ன செய்யும் என்று அம்பாறை மாவட்டத்து முஸ்லிமுக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில், முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கதை கிளம்பிற்று. கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாவுக்கட்டி! உடலைப் பற்றிய பொய்யொன்று நம் தலைமேல் நெருப்பாக விழுந்தது. அந்தச் சூடு ஆறுமுன்னே, உடலைப் பற்றிய இன்னொரு பொய்யை, இரவு பகலாக உயிர் காக்க உழைக்கும் டாக்டர்மீது நாமே எறியலாமா?

நம் மக்கள் மருத்துவத்துக்குப் பகைவரல்லர். கடல் பொங்கிய 2004 டிசெம்பர் 26ஐ நினையுங்கள். இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முஸ்லிம் கை தமிழர் உடலைத் தூக்கிற்று. தமிழர் கை முஸ்லிம் உடலைத் தூக்கிற்று. அந்நாளில் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கமிட்டுப் பதியப்பட்ட குழந்தையொன்று யாருடையது என்ற வழக்கு எழுந்தது. கல்முனை நீதவான் நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டது. 2005 பெப்ரவரியில் பெற்றோர் யாரென்பது தெளிந்தது; குழந்தை அவர்கள் கைக்குப் போயிற்று. ஏன் ஊர் அந்த முடிவை ஏற்றது? விசாரணை திறந்த மன்றத்தில் நடந்தது. முடிவு எல்லோரும் அறிய உரைக்கப்பட்டது. வெளிச்சம் இருந்த இடத்தில் ஐயம் நிற்கவில்லை. உறுப்புக் கொடைக்கும் வேண்டியது அந்த வெளிச்சமே.

ஒரு குடும்பத்தின் சொல்

'ஒரு வீட்டின் முடிவால் என்ன ஆகும்?' என்போருக்குக் கடலுக்கு அப்பால் நடந்ததைச் சொல்வோம். 2008 செப்டெம்பரில், தமிழ்நாட்டின் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் வீதி விபத்தில் அடிபட்டான். சென்னையில் மூளைச்சாவு உறுதியாயிற்று. பெற்றோர் இசைந்தார்கள். பொலிசார் வழிவிட, அவன் இதயம் சென்னை வீதிகளைச் சில நிமிடங்களிற் கடந்து ஒரு சிறுமியின் நெஞ்சிற் சேர்ந்தது. அந்த வீட்டின் விடையைக் கேட்டுத் தமிழ்நாடு கண் திறந்தது. அவ்வாண்டே அரசின் கொடைத் திட்டம் வேர் கொண்டது. 2023 செப்டெம்பரில், உறுப்புக் கொடுத்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அந்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். அங்கே கொடுத்தவரின் வீட்டுக்கு அரசு மரியாதை செய்யப் போகிறது. இங்கே நம் வீட்டின் உடலை அரசு பறித்துப் போயிற்று. கொடைக்குணம் வளரும் மண் எது, வாடும் மண் எது என்று ஆட்சியாளரே சிந்திக்கட்டும்.

யாரிடம் என்ன கேட்கிறோம்?

அரசாங்கத்திடம் கேட்கிறோம். மன்னிப்போடு 2024இல் வாக்களித்த சட்டப் பாதுகாப்பு, அடக்கவோ எரிக்கவோ அவரவர் விரும்பும் உரிமை, எந்த நோயாலும் எந்த அமைச்சராலும் அசைக்க முடியாததாக நிற்க வேண்டும். நம் மக்கள் கொண்டுசெல்லப்படும் பெரிய வைத்தியசாலைகளில், தமிழில் விளக்கப் பயின்றவர் இருக்க வேண்டும். முதலில் மனைவியை, தாயை, தகப்பனைத் தனியே இருத்தி, அவர்கள் காதில் விழுமாறு பேச வேண்டும். கொடுத்தவரின் ஜனாஸாவைக் குறித்த நேரத்தில், அரசின் செலவில், ஊர்ப் பள்ளிவாசலின் வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

உலமாக்களிடம் கேட்கிறோம். டாக்டர்களோடு ஒரே பாயில் அமருங்கள். எல்லாவற்றையும் ஒரே முடிச்சாக்காதீர்கள். கண் வேறு, உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் வேறு, மூளைச்சாவு வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, ஆகுமென்றாலும் ஆகாதென்றாலும் ஜும்ஆ மேடையில் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தையே அந்தக் கூடத்தில் ஒருவர் மார்க்கம் என்று எடுத்து நீட்டுகிறார்.

அரசியல்வாதிகளிடம் கேட்கிறோம். எங்கள் உடல்கள் எரிந்துகொண்டிருந்த நாளில், 2020 ஒக்டோபர் 22ஆம் நாள், இம்மாவட்டத்தின் முஸ்லிம் உறுப்பினர் சிலர் 20ஆம் திருத்தத்துக்கு வாக்களித்து அதே ஆட்சிக்கு வலுவூட்டினார்களே; அந்தக் கணக்கை மக்கள் மறக்கவில்லை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. வடக்கு வைத்தியசாலை மற்றொன்று. ஒன்று முஸ்லிமுக்கு, மற்றது தமிழருக்கு என்று பெயரெடுத்து நிற்கின்றன. பிரதேச செயலக எல்லைக்காக மோதும் உங்கள் வீரத்தில் நூற்றிலொரு பங்கை, இந்த இரண்டு வைத்தியசாலைகளையும் கொடை விஷயத்தில் ஒரே பட்டியலில் இணைக்கச் செலவிடுவீர்களா? பாண்டிருப்புத் தமிழன் நெஞ்சில் மருதமுனை முஸ்லிமின் இதயம் அடிக்கும் நாளில், உங்கள் எல்லைக் கோட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

கடைசியாக, நம் மக்களிடம் கேட்கிறோம். இன்றிரவு சாப்பாட்டுச் சஹனைச் சுற்றி அமரும்போது பேசுங்கள். 'எனக்கு ஒன்றென்றால் என் கண்ணைக் கொடுங்கள்', அல்லது, 'என்னைத் தொடாமல் அடக்குங்கள்'. எதுவாயினும் வாய் திறந்து சொல்லுங்கள். எழுதி வையுங்கள். மனைவியிடம் சொல்லுங்கள், வாப்பாவிடம் சொல்லுங்கள், மகளிடம் சொல்லுங்கள். கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைப்பதைக் கடமையாகக் கொண்ட சமுதாயத்துக்கு இதை எழுதி வைப்பது பெரிய காரியமா? சாகிறவன் சொல்லாமற் போனால், அந்தச் சுமை கூடத்தில் நின்று நடுங்கும் ஒரு பெண்ணின் தோளில் விழுகிறது. கொடுத்தாலும் அவளுக்குப் பழி. மறுத்தாலும் அவளுக்கு உறுத்தல். அந்தக் கொடுமையைச் செய்வது அரசாங்கமன்று; நம்முடைய மௌனம்.

உடலை எரிக்காதே என்று சொல்ல நமக்கு உரிமை இருந்தது. உறுப்பை எடு என்று சொல்லவும் உரிமை உண்டு. எடாதே என்று சொல்லவும் உரிமை உண்டு. விடை சொல்லாதிருக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.